ஆற்றோர நிலம்: முன்பணம் கொடுக்கும் முன் எல்லையைப் பாருங்கள்

இந்த அத்தியாயம் இரண்டு பேருக்கானது. ஒருவர், ஆற்றங்கரையில் தோப்போ வீட்டுமனையோ வாங்க முன்பணத்தைத் தயாராக வைத்திருப்பவர். இன்னொருவர், தாத்தா காலத்திலிருந்து கரையோரம் நிலம் வைத்திருந்து, இப்போது அதில் வேலி போடவோ வீடு கட்டவோ நினைப்பவர். இருவருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: நம் நிலம் எங்கே முடிகிறது?

"தண்ணி வரைக்கும் நம்ம இடம்தான் சார்" என்று தரகர் கையை நீட்டிக் காட்டுவார். மாசியில் பார்த்தால் தண்ணீர் நடு ஆற்றில் ஒரு கோடாக ஓடும். ஐப்பசியில் அதே ஆறு தென்னையின் தூரில் மோதும். தண்ணீரை வைத்து எல்லை சொல்ல முடியாது. அரசு அளந்து, கல் நட்டு, படத்தில் வரைந்து வைத்திருக்கும் கோடுதான் உங்கள் எல்லை. அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பது ஆற்றுப் புறம்போக்கு. அங்கே நூறு தென்னை நின்றாலும், மோட்டார் கொட்டகை இருந்தாலும், வீட்டு வரி ரசீது இருந்தாலும் அது விற்கிறவரின் சொத்து ஆகாது. சம்பாதித்த பணத்தை ஆற்றில் போடாமல் இருக்க, கீழே உள்ள வரிசையில் போங்கள். வரிசையை மாற்றாதீர்கள், காகிதம் முதலில், களம் அடுத்து, பணம் கடைசியில்.

சட்டம்: இவ்வளவு தெரிந்தால் போதும்

நான்கு சட்டங்கள் உங்களைத் தொடும்.

தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905. ஆறு, ஓடை, ஏரி, வாய்க்கால் ஆகியவற்றின் படுகையும் ஓடுகிற, நிற்கிற நீரும் அரசின் சொத்து என்று இதன் 2ஆம் பிரிவு சொல்கிறது. தனக்கு உரிமை உண்டு என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

ஆறுகள் பாதுகாப்புச் சட்டம், 1884. பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. இது பொருந்தும் ஆறுகளை அளந்து, படம் வரைந்து, ஆட்சேபங்களைக் கேட்டு, ஆற்றின் எல்லையை அறிவிக்க இது வழி செய்கிறது. எல்லை அறிவிக்கப்பட்ட பிறகு, அதற்குள் அனுமதி இல்லாமல் கட்டுவதும், நீரோட்டத்தைத் தடுக்கும்படி எதையும் செய்வதும் குற்றம். நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் இந்தக் கட்டுப்பாடு உண்டு.

தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1923. அளவை முடிந்து அறிவிக்கை வந்துவிட்டால் அந்த எல்லை இறுதியானது. ஏற்காதவர் அறிவிக்கை வந்த 3 ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882. கரையோர நிலக்காரர் ஆற்று நீரை எதற்கெல்லாம் எடுக்கலாம் என்பது இதில் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை

1. கிராம வரைபடத்தில் தொடங்குங்கள். பட்டாவில் தொடங்குவது எல்லோரும் செய்யும் தவறு. பட்டா ஒரு துண்டை மட்டும் காட்டும். அந்தத் துண்டு ஆற்றுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், நடுவில் ஓடையோ வாய்க்காலோ பாதையோ இருக்கிறதா என்பது கிராம வரைபடத்தில்தான் தெரியும். ஆற்றுக்கே தனிப் புல எண் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் படிகளிலும் அது தேவைப்படும்.

2. அ-பதிவேட்டில், அதாவது கிராமத்தின் புல எண்வாரி நிலப் பதிவேட்டில், இரண்டு எண்களையும் பாருங்கள். நீங்கள் வாங்கப்போகும் புல எண், பக்கத்திலுள்ள ஆற்றின் புல எண் இரண்டுக்கும் பதிவேட்டின் நகல் எடுங்கள். அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். முதல் எண்ணுக்கு எதிரே 'ரயத்துவாரி' என்றும், நஞ்செய் அல்லது புஞ்செய் என்றும், பட்டாதாரர் பெயரும் இருக்க வேண்டும். 'அரசு புறம்போக்கு', 'ஆறு', 'ஓடை', 'வாய்க்கால்', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று எது இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடைசிக் கலமான குறிப்புரையையும் விடாமல் வாசியுங்கள்; வழக்கு, நிபந்தனைப் பட்டா போன்ற செய்திகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

3. புலப்படத்தை எடுத்து, வெளி ஓரத்தைப் பாருங்கள். புலப்படத்தில் உங்கள் நிலத்தின் ஒவ்வொரு பக்கத்து நீளமும் மீட்டரில் இருக்கும். அதைச் சுற்றி அடுத்தடுத்த புல எண்கள் எழுதியிருக்கும். ஆற்றுப் பக்கம் எழுதியிருக்கும் எண், நீங்கள் குறித்து வைத்த ஆற்றின் எண்தானா? நடுவில் வேறு ஓர் எண் புகுந்திருந்தால் அது கரைப் புறம்போக்காகவோ பாதையாகவோ இருக்கும். அப்படியானால் உங்கள் நிலம் ஆற்றைத் தொடவே இல்லை.

4. பரப்பை ஒத்துப் பாருங்கள். மோசடி பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும். பத்திரம் சென்ட்டில் பேசும். பட்டா எக்டேரிலும் ஏர்ஸிலும் பேசும். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். பத்திரத்தில் 60 சென்ட் என்றும் பட்டாவில் 20 ஏர் என்றும் இருந்தால், பட்டாவின்படி அது 49 சென்ட் சொச்சம்தான். மீதி 10 சென்ட்டுக்கு மேல் எங்கே? பெரும்பாலும் ஆற்றுக்குள். அனுபவத்தில் இருக்கும் இடத்தையெல்லாம் சேர்த்துப் பத்திரத்தில் எழுதிவிடும் பழக்கம் கரையோர ஊர்களில் பல தலைமுறையாக உண்டு. விலை பேசும்போது பட்டாவின் பரப்புக்கு மட்டும் பேசுங்கள்.

5. சக்குபந்தியை, அதாவது பத்திரத்திலுள்ள நான்கு எல்லை விவரத்தை, நிதானமாக வாசியுங்கள். "ஆற்றுக்குத் தெற்கு" என்று பத்திரத்தில் இருந்தால், ஆறு வடக்கே இருக்கிறது என்று பொருள். புதிதாகப் பத்திரம் படிப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஆறு" என்று எழுதியிருப்பதால் தண்ணீர் வரை உரிமை வந்துவிடாது. ஆற்றின் புல எண்ணோடு உங்கள் எல்லை நின்றுவிடும். பழைய பத்திரத்தில் "ஆற்றுப் புறம்போக்குக்குத் தெற்கு" என்று இருந்து, புதிய பத்திரத்தில் "புறம்போக்கு" என்ற சொல் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொல்லை விட்டுவிட்டால் ஒரு தோப்பே கூடிவிடும்.

6. பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊரில் இதை 'யூ.டி.ஆர்.' என்பார்கள். இன்றைய பட்டாக்கள் பெரும்பாலும் அதிலிருந்து வந்தவை. அப்போது நடந்த பிழைகளால் புறம்போக்கு பட்டாவானதும் உண்டு; பட்டா நிலம் புறம்போக்கானதும் உண்டு. அதற்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். பழைய எண்ணும் புதிய எண்ணும் எப்படி மாறின என்ற ஒப்பீடும் கிடைக்கும். பழைய பதிவில் 'ஆறு' என்றிருந்த இடம் புதிய பதிவில் 'புஞ்செய்' ஆகியிருந்தால், எந்த உத்தரவின் பேரில் மாறியது என்று எழுத்தில் கேளுங்கள். உத்தரவைக் காட்ட முடியாவிட்டால் விலகிவிடுங்கள்.

7. வில்லங்கச் சான்றை ஆற்றின் எண்ணுக்கும் போடுங்கள். உங்கள் எண்ணுக்கு 30 ஆண்டுக்குக் குறையாமல் எடுப்பது வழக்கம். ஆற்றின் புல எண்ணுக்கும் ஒரு சான்று எடுங்கள். அரசின் எண்ணில் தனியார் விற்பனை பதிவாகியிருந்தால் அந்தப் பகுதியில் என்ன நடக்கிறது என்பது விளங்கிவிடும்.

குறிப்பு: பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-அ பிரிவு, அரசு நிலத்தை விற்கும் ஆவணத்தைப் பதிவு செய்ய மறுக்கச் சொல்கிறது. ஆனால் பதிவாகிவிட்டது என்பதாலேயே விற்றவருக்கு உரிமை இருந்தது என்று ஆகாது. பட்டாவும் அப்படியே, அது வருவாய்ப் பதிவு, உரிமை ஆவணம் அன்று என்பதை நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. மூலப் பத்திரம், பட்டா, அளவை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும்.

களத்தில் இறங்கும்போது

காகிதம் சரியாக இருந்தால்தான் நிலத்துக்குப் போங்கள். இரண்டு முறை போக வேண்டும்: வறண்ட காலத்தில் ஒரு முறை, ஆற்றில் தண்ணீர் ஓடும்போது ஒரு முறை. விற்பவர் அவசரப்படுத்தினால், மழைக்காலத்துக்கு முன் முடிக்க நினைக்கிறாரோ என்று யோசியுங்கள்.

நடக்கும்போது இவற்றைத் தேடுங்கள்:

- அத்துக்கல், அதாவது எல்லைக் கல். ஒவ்வொரு மூலையிலும் இருக்க வேண்டும். ஆற்றுப் பக்கக் கல் மட்டும் காணவில்லை என்றால் கவனம்.
- வெள்ளத் தடுப்புக் கரை. நிலம் கரைக்கு வெளிப்பக்கமா, ஆற்றுக்கும் கரைக்கும் நடுவிலா? நடுவில் இருந்தால் அது பட்டாவே ஆனாலும் வெள்ளத்தின் வழி.
- சுவரில் சேற்றுக் கோடு, மரக்கிளையில் சிக்கிய வைக்கோல், கந்தல். வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதை இவை சொல்லும்.
- தேநீர்க் கடையிலும் கோயில் திண்ணையிலும் இருக்கும் பெரியவர்கள். "இடம் நல்ல இடமா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "2005-இல் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுங்க ஐயா?" என்று கேளுங்கள். கொள்ளிடக் கரையென்றால் 2018, 2022. சென்னை அடையாற்றங்கரையென்றால் 2015 டிசம்பர். தாமிரபரணிக் கரையென்றால் 2023 டிசம்பர்.

ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். மயிலாடுதுறை மாவட்டத்தில் கொள்ளிடத்தை ஒட்டிய நாதல்படுகை, முதலைமேடுதிட்டு போன்ற ஊர்கள், ஆற்றில் பெருவெள்ளம் திறந்துவிடும்போதெல்லாம் தண்ணீரில் மிதக்கின்றன. படுகை, திட்டு என்று முடியும் ஊரில் மனை வாங்குகிறவர் இரண்டு மடங்கு விசாரிக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து ஊர்களைச் சூழ்ந்தது. அன்று தண்ணீர் நின்ற இடத்தில் இன்று வண்ணக்கொடி கட்டி மனை விற்கிறார்கள் என்றால், அந்தக் கொடிக்குக் கீழே நின்றே இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

பாதுகாப்பு:

1. ஆற்றுப் பக்க எல்லையைப் பார்க்கத் தனியாக இறங்காதீர்கள். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. ஆள் முழுகும் ஆழம் இருக்கும். பல குடும்பங்கள் இப்படிப் பிள்ளைகளை இழந்திருக்கின்றன.
2. அணையுள்ள ஆற்றில், தண்ணீர் திறப்பு அறிவிப்பைக் கேட்காமல் படுகையில் நடக்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் ஆறு ஏறும்.
3. அரித்த கரையின் விளிம்பில் நிற்காதீர்கள். மேலே புல் இருக்கும், அடியில் மண் இருக்காது.
4. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாநில அறையின் எண் 1070. கைப்பேசியில் போட்டு வையுங்கள்.
5. மணல் வண்டி, இயந்திரம் ஓடும் இடத்தில் படம் எடுத்துக்கொண்டு வாதாடாதீர்கள். விலகி வந்து புகார் கொடுங்கள்.

அத்து காட்டச் சொல்வது

விற்பவர் காட்டும் கல்லை நம்பி எல்லையை ஏற்காதீர்கள். அரசு நில அளவர் வந்து அளந்து காட்ட வேண்டும்.

1. பட்டாதாரர் பெயரில்தான் விண்ணப்பம் போக வேண்டும். ஆகவே விற்பவரையே போடச் சொல்லுங்கள். கட்டணத்தை நீங்கள் கொடுங்கள். மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்குப் பதில்.
2. இணையத்திலோ பொதுச் சேவை மையத்திலோ கட்டணம் கட்டி, ரசீது எடுத்து வையுங்கள்.
3. பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்பு போயிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அவர்கள் இல்லாமல் அளந்தால் நாளைக்கு வம்பு.
4. அளக்கும் நாளில் புலப்படத்தின் நகலோடு நீங்கள் நில்லுங்கள். அளவை, ஆற்றிலிருந்து தொடங்கக் கூடாது. ஊர்ப் பக்கத்திலுள்ள அசையாத கற்களிலிருந்து தொடங்கி ஆற்றை நோக்கி வர வேண்டும். இதைக் கண்ணால் பாருங்கள். நில அளவர்கள் இதை நன்கு அறிவார்கள். அவசரத்தில் கரையோர மரத்தை அடையாளமாக வைக்கச் சொல்வது கூட இருக்கும் ஆட்கள்தான்.
5. காட்டிய இடத்தில் அன்றைக்கே கல் நடுங்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள்.
6. அளந்ததற்கான அறிக்கையும் வரைபடமும் கையொப்பத்தோடு வாங்குங்கள். வாய்ச்சொல்லை வைத்து நீதிமன்றத்தில் நிற்க முடியாது.

ஆற்று எல்லையில் சந்தேகம் இருந்தால் நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளரையும் அன்றைக்கு வரும்படி மனு கொடுங்கள். 2021 வரை இந்தப் பொறுப்பு பொதுப்பணித் துறைக்குள் இருந்தது. பழைய காகிதங்களில் அந்தப் பெயரே இருக்கும். வருவாய்த் துறையின் கல்லும் நீர்வளத் துறையின் கல்லும் ஒரே கோட்டில் இல்லாத இடங்கள் உண்டு. அந்த முரண் தீரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மனைப்பிரிவு என்றால்

லேஅவுட் போட்டவரிடம் அங்கீகார எண்ணை மட்டும் கேட்டு நின்றுவிடுகிறார்கள். அது போதாது. வெள்ளப் பாதிப்பு குறித்து நீர்வளத் துறை கொடுத்த தடையின்மைச் சான்றின் முழு நகலையும் கேளுங்கள். அதில் நிபந்தனைகள் இருக்கும்: நிலத்தை எந்த மட்டம்வரை மண் மேவி உயர்த்த வேண்டும், வாய்க்காலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், எங்கே பாலம் போட வேண்டும் என்று. அந்த நிபந்தனைகளைத் தரையில் நின்று சரிபாருங்கள். மண் மேவாமல் மனையை விற்றுவிட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

கடலுக்கு அருகிலுள்ள ஆறு என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியும் சேரும். உப்புநீர் ஏறி இறங்கும் தூரம்வரை ஆற்றின் இரு கரையும் அந்த விதிக்குள் வரும். கோடையின் வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம்வரை அளக்கிறார்கள். 2011 அறிவிக்கையில் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் குறைந்தது. 2019 அறிவிக்கையில் 50 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் குறைந்தது. உங்கள் மாவட்டத்துக்கு எந்த வரைபடம் நடைமுறையில் இருக்கிறது என்பதைக் கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் புல எண் போட்டுப் பாருங்கள்.

கரையோர நிலக்காரர் செய்யக்கூடியது, கூடாதது

குடிக்கவும், வீட்டுக்கும், ஆடு மாடுகளுக்கும் ஆற்று நீரை எடுக்கலாம். கரையை ஒட்டிய அந்த நிலத்துக்குப் பாய்ச்சலாம். ஆனால் கீழே இருக்கும் கரையோரக்காரருக்குக் கணிசமான பாதிப்பு வரக் கூடாது. வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவிலுள்ள விளக்கம் இது. அதே சட்டம், ஆற்று நீரை ஒழுங்குபடுத்தும் அரசின் உரிமையைத் தொடாமல் விட்டிருக்கிறது. ஆகவே பாசனத்துக்கு மோட்டார் வைத்து எடுக்க நீர்வளத் துறையின் அனுமதியைக் கேட்டே செய்யுங்கள். அந்த நீரைக் குழாய் போட்டு அடுத்த கிராமத்து நிலத்துக்குக் கொண்டுபோவதும், லாரியில் விற்பதும் இந்த உரிமைக்குள் வராது.

மணல் உங்களுடையது அல்ல. 2003-இல் சிறுகனிம விதிகளில் சேர்த்த 38-அ விதியின்படி மணல் எடுக்கும் உரிமை மாநில அரசிடம் இருக்கிறது. பட்டா நிலத்தில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணலைக்கூட அனுமதி இல்லாமல் வண்டியில் ஏற்றினால் வண்டி பறிமுதலாகும். "என் நிலத்து மண்ணுதானே" என்று வாடகை வண்டியை வரவழைக்காதீர்கள். பாவம், வண்டிக்காரர் பிழைப்பும் போகும்.

படித்துறை, படகுத்துறை, தடுப்புச் சுவர், கற்குவியல் எதையும் எல்லைக் கல்லுக்கு அப்பால் போடக் கூடாது. தடுப்புச் சுவரை எல்லோரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். நீங்கள் இந்தக் கரையில் கல்லைக் கொட்டினால் வெள்ளம் எதிர்க்கரையைத் தின்னும். இதற்கு நாடறிந்த வழக்கு ஒன்று இருக்கிறது. இமாசலத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதி, தன் பக்கம் வெள்ளம் வராதிருக்க இயந்திரங்களை இறக்கி ஆற்றின் போக்கையே திருப்பியது. அந்த விடுதிக்குக் கரையோர நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்ததே தவறு என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆறு போன்ற இயற்கை வளங்களை அரசு மக்களின் பேரில் அறங்காவலராக வைத்திருக்கிறது, அவற்றைத் தனியாருக்குத் தாரைவார்க்க முடியாது என்ற கோட்பாட்டை அது நிலைநாட்டியது. குத்தகை ரத்தானது. அரசே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதமும் ஆற்று விஷயத்தில் நிற்காமல் போகலாம் என்பதை வாங்குகிறவர் மனத்தில் வைக்க வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டியை ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேல் அதன் மூடி இருக்கட்டும். கீழே ஊர்கள் அந்த நீரைத்தான் குடிக்கின்றன.

ஆறு தடம் மாறினால்

ஆறு ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் மண் சேர்த்தால், ஒட்டிய நிலக்காரர் அதற்கு உரிமை கோர இடமுண்டு என்பது நீதிமன்றங்களின் பழைய கோட்பாடு. ஒரே வெள்ளத்தில் ஆறு தாவினால் எல்லை தாவாது. ஆற்றில் மூழ்கிய நிலம் அதே இடத்தில் மறுபடி எழுந்து அடையாளம் காண முடிந்தால் பழைய உரிமையாளருக்கே சேரும் என்று 1870-இலேயே பிரிவி கவுன்சில், லோபஸ் எதிர் மதன்மோகன் தாகூர் வழக்கில் கூறியது.

இதை வைத்து நீங்கள் செய்ய வேண்டியது: நிலம் அரித்துப்போனால் அந்த ஆண்டே வட்டாட்சியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். படமும் அளவை வரைபடமும் இணையுங்கள். உங்கள் பக்கம் மண் சேர்ந்திருந்தால் அதில் பயிர் வைத்து உரிமை கொண்டாடத் தொடங்காதீர்கள். நடைமுறையில் வருவாய்த் துறை அதை ஆற்றின் புல எண்ணாகவே பார்க்கும்.

நோட்டீஸ் வந்துவிட்டால்

1. தேதியைக் குறியுங்கள். 1905 சட்டத்தில் 7ஆம் பிரிவு நோட்டீஸ் விளக்கம் கேட்பது. 6ஆம் பிரிவு உத்தரவு வெளியேற்றுவது. உங்கள் கையில் எது என்று தலைப்பைப் பாருங்கள்.
2. கெடுவுக்குள் எழுத்தில் விளக்கம் கொடுங்கள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.
3. பட்டா, புலப்படம், பத்திரத்தின் நகல்களை மட்டும் கொடுங்கள். மூலத்தை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.
4. எல்லையில் சந்தேகம் என்றால், உங்கள் முன்னிலையில் மறு அளவை வேண்டும் என்று அதே விளக்கத்தில் கேளுங்கள்.
5. உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கான நாள் கணக்கு அன்றே தொடங்கும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

எல்லோரும் நம்பும் இரண்டு தவறுகள். ஒன்று, "பன்னிரண்டு வருஷம் இருந்துட்டா நம்மது." தனியார் நிலத்துக்கான கணக்கு அது. அரசு நிலத்துக்குக் காலவரம்புச் சட்டத்தின் 112ஆம் உறுப்பு 30 ஆண்டு என்கிறது. அதன் பிறகும் எதிரிடை அனுபவத்தை நிரூபிப்பது மிகக் கடினம். நீர்நிலை என்றால் நீதிமன்றம் இரக்கம் காட்டுவதே அரிது. 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம் எல். கிருஷ்ணன் வழக்கில் ஓடை, ஏரி உள்ளிட்ட நீர்நிலைகளை அடையாளம் கண்டு ஆக்கிரமிப்பை அகற்ற அரசுக்கு உத்தரவிட்டது. 2011-இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில், கிராமத்துப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது.

இரண்டு, பி-மெமோ. புறம்போக்கில் இருப்பவருக்கு அபராதம் விதித்துக் கொடுக்கும் காகிதம் அது. அதைப் பத்திரம்போல் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். அதைக் காட்டியே விற்கவும் செய்கிறார்கள். நிலம் அரசுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கான சான்று அது. ஏழைகள் வேறு வழியின்றி அங்கே குடியிருக்கிறார்கள். அவர்கள் மாற்று இடம் கேட்டு மனு கொடுக்கும்போது எத்தனை காலமாக இருக்கிறார்கள் என்பதைக் காட்ட பி-மெமோ உதவும். விற்பனைக்கு உதவாது. காலம் முழுக்கச் சேர்த்ததைக் கொடுத்து அப்படி ஓர் இடத்தை வாங்காதீர்கள்.

பக்கத்துக்காரர் ஆற்றை வளைத்தால்

அவர் வளைத்தால் வெள்ளம் உங்கள் பக்கம் வரும், சும்மா இருக்காதீர்கள். ஆனால் நேரில் மோதவும் வேண்டாம்.

1. முதலில் உங்கள் எல்லையை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலியே ஆற்றுக்குள் இருந்தால் புகார் உங்களையே திரும்பக் கடிக்கும்.
2. கிராம வரைபடத்தின் நகலில் ஆற்றின் புல எண்ணைக் குறித்து, வளைத்த இடத்தைப் பென்சிலால் காட்டுங்கள். ஆளைத் திட்டி எழுதாதீர்கள். இடத்தையும் அளவையும் மட்டும் எழுதுங்கள்.
3. வட்டாட்சியருக்கு ஒரு மனு, நீர்வளத் துறைச் செயற்பொறியாளருக்கு ஒரு மனு, ஆட்சியருக்கு ஒரு நகல். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் உடனே கிடைக்கும்.
4. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன, அந்தப் புல எண்ணின் அ-பதிவேட்டு நகல், கடைசியாக அளந்த தேதியும் அறிக்கையும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்; 30 நாளில் பதில் தர வேண்டும்.
5. ஒவ்வொரு மனுவிலும் நகல் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி, வரிசைப்படி ஒரே கோப்பில் வையுங்கள். உயர் நீதிமன்றம்வரை போக நேர்ந்தால், வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.